72 சி-10 பிக்கப்பில் 5.3 லிட்டர் வி8

எஞ்சினைத் தூக்கி உள்ளே இறக்குவது பெரிய வேலை கிடையாது. எஞ்சின் கிரேன் ஒன்று, கூட ஒரு ஆள், ஒரு சனிக்கிழமை மதியம், அவ்வளவுதான். அந்த எஞ்சின் கேட்கும் பெட்ரோல் அழுத்தத்தையும் கரண்டையும் 1972-ல் கட்டிய வண்டியிலிருந்து வாங்கிக் கொடுப்பதில்தான் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது. ஹூஸ்டனில் என் வீட்டு கராஜில் நிற்கும் ஷெவர்லே சி-10 பிக்கப்பில், 2002 மாடல் ஷெவர்லே டாஹோ எஸ்யூவியின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஏற்றிய வேலை இது. எஞ்சின் மாற்று வீடியோக்களில் பத்து நொடியில் ஓடிவிடும் பகுதிகளைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில் வண்டி. டிரைவர் கதவு நிலையில் இருக்கும் தகட்டில் எண் சிசிஇ142 என்று தொடங்கும். முதல் சி ஷெவர்லே, அடுத்த சி பின்சக்கர இழுவை, இ என்றால் கம்பெனியிலிருந்தே வி8 (ஆறு சிலிண்டர் என்றால் அந்த இடத்தில் எஸ் இருக்கும்), 1 அரை டன், 4 பிக்கப், 2 என்பது 1972. வாங்கப் போகிறவர்கள் இந்தத் தகட்டை முதலில் பார்த்துவிடுவது நல்லது. வி8 என்று சொல்லி விற்கிற வண்டிகளில் பாதி, ஆறு சிலிண்டராகப் பிறந்து பிறகு வி8 ஏற்றியவை.

இந்த பாடி 1967-ல் வந்து 1972 வரை ஓடியது. 1973-ல் சதுர முகத்தோடு அடுத்த பாடி வந்துவிட்டது. கடைசி இரண்டு வருடத்து வண்டிகளுக்குக் கிராக்கி அதிகம். 1971-லிருந்து முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கம்பெனியிலேயே போட்டு வந்தது. அதோடு அரை டன் வண்டிக்கு ஆறு போல்ட் வீல் போய் ஐந்து போல்ட் வந்தது. பின்னால் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் காயில் ஸ்பிரிங், அதைப் பிடித்தபடி முன்னோக்கி ஓடும் இரண்டு நீளமான இரும்புக் கைகள். சுமை ஏற்றும் வண்டிக்கு இது கொஞ்சம் அதிகப்படியான சொகுசுதான். ஆனால் 2022-ல் புதுத் தலைமுறைக் கார் வரும்வரை, நாஸ்கார் கோப்பைப் பந்தயக் கார்களின் பின்பக்கம் இந்த அமைப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயும் அதற்கு டிரக் ஆர்ம் என்றுதான் பெயர்.

என்னிடம் வந்தபோது உள்ளே 350 கன அங்குல வி8-ம் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கும் இருந்தன. எஞ்சின் நீலப் புகை விட்டது. பழைய எஞ்சினையே சிலிண்டரைக் குடைந்து (போர் பண்ணி), பிஸ்டன் மாற்றி ஓட்டியிருக்கலாம். பழமைப் பிரியர்கள் அதைத்தான் சொல்வார்கள். என் கணக்கு வேறு. 1972-ல் அந்த 5.7 லிட்டருக்கு ஷெவர்லே கொடுத்த எண் 175 குதிரைத்திறன். 2002-ல் 5.3 லிட்டருக்குக் கொடுத்தது 285. கொள்ளளவு குறைந்தும் பலம் கூடியிருக்கிறது. கூடவே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், நாலாவது ஓவர்டிரைவ் கியர், குளிர்ந்த காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட். அதற்கும் மேல் முக்கியமானது, இந்த 5.3 எஞ்சின் அமெரிக்கக் காயலான் கடைகளில் மலிந்து கிடக்கிறது. 1997 கார்வெட்டில் அறிமுகமான எல்எஸ் குடும்பத்தின் பிக்கப் வடிவம் இது. 1999-லிருந்து ஷெவர்லே, ஜிஎம்சி வண்டிகளில் லட்சக்கணக்கில் போட்டார்கள். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், சிலிண்டருக்கு ஒரு இக்னிஷன் காயில். 6.0 லிட்டருக்கு எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள், விலையும் அப்படித்தான். காலி பிக்கப்பை ஓட்ட 5.3 தாராளம்.

காயலான் கடையில்

பின்பக்கம் இடிபட்டு வந்த டாஹோ அது. வண்டி எண்ணில் எட்டாவது எழுத்தைப் பாருங்கள். டெக்சாஸின் ஆங்கில முதல் எழுத்து (T) அங்கே இருந்தால் அது எல்எம்7, அதாவது நமக்கு வேண்டிய 5.3. இந்த எழுத்தைப் பார்க்காமல் பிளாக்கை மட்டும் பார்த்து வாங்கினால் 4.8 லிட்டர் கையில் வந்து சேரலாம். இரண்டுக்கும் வார்ப்பு ஒன்றே. கிராங்க்கும் கனெக்டிங் ராடும் பிஸ்டனும்தான் வேறு.

2002-ஐத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் ஆக்ஸிலரேட்டர் கேபிள். அந்த வருடம் வரை இந்த எஞ்சினில் திராட்டிலை (எஞ்சினுக்குள் காற்றை விடும் மடலை) கேபிள்தான் இழுக்கும். 2003-லிருந்து பெடலில் சென்சார், திராட்டிலில் மோட்டார், நடுவில் இன்னொரு கம்ப்யூட்டர் பெட்டி. அதையும் ஏற்றலாம், பலர் ஏற்றுகிறார்கள். ஆனால் சி-10-ன் பெடலில் ஏற்கெனவே கேபிள் இருக்கும்போது நான் ஏன் இன்னும் பத்து வயரைச் சேர்க்க வேண்டும்?

எஞ்சினோடு கட்டாயம் எடுக்க வேண்டியவை: கியர்பாக்ஸ், எஞ்சின் கம்ப்யூட்டர், வயரிங் ஹார்னஸ், ஏர் ஃபில்டர் குழாயில் உட்கார்ந்திருக்கும் காற்றளவு சென்சார், ஆக்சிஜன் சென்சார்கள். ஹார்னஸை எடுக்கும்போது கட்டரைப் பையிலேயே வைத்துவிடுங்கள். அவசரத்தில் ஒரு கனெக்டரை வெட்டினால் அதைத் தேடி வாங்கிச் சாலிடர் வைக்கும் நேரத்தில் முழு ஹார்னஸையும் பொறுமையாக உருவியிருக்கலாம்.

ஆயில் பானைக் கழற்றாமல் ஏற்றாதீர்கள்

காயலான் கடை எல்எஸ் எஞ்சினில் நான் பணம் கட்டிப் பந்தயம் வைக்கத் தயாரான ஒரே இடம் ஆயில் பம்ப்பின் ஓ-ரிங். இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் கிராங்க்கின் முன்முனையிலேயே உட்கார்ந்திருக்கும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான ஆயில் பானுக்குள்ளிருந்து எண்ணெயை உறிஞ்சும் குழாய், பம்ப்புக்குள் ஒரே ஒரு ரப்பர் ஓ-ரிங் வழியாக நுழைகிறது. பிடிப்பது ஒரே ஒரு போல்ட். ரப்பர் காய்ந்துவிட்டாலோ, யாராவது முன்பு மாட்டும்போது கொஞ்சம் நசுங்கிவிட்டாலோ, பம்ப் எண்ணெயோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் ஒழுங்காகக் காட்டும். சூடானதும் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது, முள் சரியும். ஆட்கள் பேரிங் போச்சு என்று எஞ்சினையே தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

என் எஞ்சினில் ஓ-ரிங் வட்டத்தன்மை போய்ப் பட்டையாகியிருந்தது. நகத்தை வைத்து அழுத்தினால் பள்ளம் விழவில்லை. பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிட்டது. புதியதை எண்ணெயில் நனைத்து, குழாயைக் கோணாமல் நேராக உள்ளே தள்ளி, முழுவதும் உட்கார்ந்ததைக் கையால் உறுதிசெய்த பிறகு போல்ட்டைப் போட வேண்டும். போல்ட்டை வைத்துக் குழாயை இழுத்து உட்கார வைக்கலாம் என்று நினைத்தால் ஒரு பக்கம் ஓ-ரிங் நசுங்கும். ஓ-ரிங்கின் தடிமனிலும் வகைகள் உண்டு. பம்ப் மாற்றினால் அந்த பம்ப்புக்கான ரிங்கைக் கேட்டு வாங்குங்கள்.

ஆயில் பானையே மாற்ற வேண்டியிருந்தது. டாஹோவின் ஆயில் பான் ஆழமானது. சி-10-ன் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்கும். உயரமாக வைத்து ஓட்டுகிறவர்கள் அப்படியே விட்டுவிடலாம். நான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தாழ்த்தப்போகிறேன், நம் பேட்டையில் வேகத்தடைக்கும் பஞ்சமில்லை. எஞ்சின் மாற்று வேலைக்கென்றே வார்த்து விற்கும் ஆழம் குறைந்த அலுமினிய பான் ஒன்றை, அதற்கேற்ற உறிஞ்சு குழாயோடு சேர்த்துப் போட்டேன்.

எஞ்சின் ஸ்டாண்டில் இருக்கும்போதே, வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம் ஷாஃப்டையும் மாற்றினேன். இந்த எஞ்சினில் இது கொஞ்சம் குஷியான வேலை, ஏனென்றால் ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. ராக்கர்களை எடுத்துவிட்டுக் கேமைச் சில சுற்று சுற்றினால், கேமின் மேல் உட்கார்ந்திருக்கும் லிஃப்டர்கள் மேலே போய்த் தங்கள் பிளாஸ்டிக் தட்டில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். தட்டுகள் தேய்ந்திருந்தால் கீழே விழ வாய்ப்புண்டு. அதனால் முன்பக்கத் துளை வழியாக இரண்டு நீளக் கம்பிகளை உள்ளே செருகி லிஃப்டர்களைத் தாங்க வைத்துக்கொண்டேன். ஒன்று விழுந்தாலும் ஹெட் கழற்ற வேண்டியதுதான். வால்வ் ஸ்பிரிங்குகளையும் புதிய கேமுக்கு ஏற்றபடி மாற்றியாயிற்று. ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் வால்வ் உள்ளே விழாது.

கேம் தேர்வில் நான் அடக்கி வாசித்தேன். ஐடிலில் குதிரை ஓடுகிற சத்தம் வரவேண்டும் என்று பெரிய கேமைப் போடுகிறவர்கள் அதிகம். ஆனால் கேம் பெரிதாக ஆக, ஐடிலில் எஞ்சினின் வெற்றிட இழுப்பு குறையும். பிரேக் பூஸ்டர் உயிர்வாழ்வதே அந்த வெற்றிடத்தில்தான். சிக்னலில் நிற்கும்போது பிரேக் பெடல் கல்லாக இறுகினால் சத்தம் எவ்வளவு இனிமையாக இருந்து என்ன?

கிராங்க் புல்லி பற்றி ஒரு வார்த்தை. இதைக் கிராங்க்கோடு பூட்டும் இரும்புத் துண்டு (கீ) கிடையாது. இறுக்கத்தில் மட்டுமே நிற்கிறது. பழைய போல்ட்டைக் கொண்டு 240 பவுண்டு-அடிக்கு இறுக்கிப் புல்லியை உட்கார வைத்து, அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிய போல்ட்டை 37 பவுண்டு-அடிக்கு இறுக்கி, அதன் மேல் 140 டிகிரி திருப்ப வேண்டும். அந்த 140 டிகிரிக்கு நான்கடி நீளப் பைப்பும், கிராங்க் சுற்றாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆளும் வேண்டும்.

உள்ளே இறக்கியது

பழைய 350-ன் மவுண்ட்டுகளும் எல்எஸ்-ன் மவுண்ட் துளைகளும் வேறு இடத்தில் இருக்கின்றன. நடுவில் போடும் அடாப்டர் தகடுகள் கடையில் கிடைக்கின்றன. முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளும் மாதிரி நீளத் துளை உள்ள தகடாக வாங்கினால், டிரைவர் பக்கம் ஸ்டீயரிங் பாக்ஸுக்கும் மேனிஃபோல்டுக்கும் விரல் நுழைகிற இடைவெளியைக் கண்டுபிடிக்க வசதி. கியர்பாக்ஸ் பழையதைவிட நீளம். அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னால் தள்ளி, புதிய துளை போட்டு மாட்டினேன். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைச் சுருக்க வேண்டும். அதை வெட்டி, வெல்டிங் செய்து, பேலன்ஸ் பார்ப்பதற்கு மட்டும் வெளியே கொடுத்தேன். கிரைண்டரால் வீட்டில் வெட்டிக்கொள்ளும் பொருள் அது இல்லை.

டாஹோவின் ஏசி கம்ப்ரஸர் எஞ்சினின் அடிப்பக்கம், பயணி பக்கமாக உட்கார்ந்திருக்கும். சி-10-ல் அந்த இடத்தில் சேசிஸ் இருக்கிறது. சேசிஸை அரைவட்டமாக வெட்டி இடம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. கம்ப்ரஸரைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

58 பிஎஸ்ஐ

கார்புரேட்டருக்கு எஞ்சின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன பம்ப் போதும். ஏழெட்டு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) கூட வேண்டாம். இந்த எஞ்சினின் இன்ஜெக்டர்கள் 58 பிஎஸ்ஐ கேட்கின்றன. பழைய ரப்பர் ஹோஸில் இந்த அழுத்தத்தை விட்டால், சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் பீச்சும். அதனால் டேங்க்கிலிருந்து எஞ்சின் வரை ஒரு அடி பழைய ஹோஸைக்கூட விடவில்லை.

டேங்க்கோ இன்னும் பெரிய தலைவலி. இந்தத் தலைமுறை ஷெவர்லேயில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. சுமார் 20 கேலன் பெட்ரோல், முதுகிலிருந்து ஒரு தகடு தூரத்தில். திருப்பத்தில் உள்ளே அலையடிப்பது காதில் கேட்கும். வெயிலில் நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தால் வாசனை வரவேற்கும். பின்பெட்டிக்கு அடியில், சேசிஸ் நடுவில், அந்தக் காலத்து பிளேஸர் ஜீப்பில் வரும் வடிவத்தில் புதிய டேங்க் செய்து விற்கிறார்கள். அதை மாட்டினேன். பெட்ரோல் போடும் வாய்க்கு, பின்பெட்டியின் மரப் பலகைத் தரையில் ஒரு வட்டத்தை வெட்டி மூடி வைத்தேன். கேபினில் சீட்டுக்குப் பின்னால் கிடைத்த இடம் ஒரு உபரி லாபம். மழைக்கோட்டும் ஜாக்கியும் அங்கே போய்விட்டன.

பம்ப் டேங்க்குக்குள்ளேயே மூழ்கியிருக்க வேண்டும். வெளியே வைத்தால் கத்தும், ஹூஸ்டன் வெயிலில் சீக்கிரம் செத்தும் போகும். டேங்க்குக்குள் பம்ப்பைச் சுற்றித் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கால் டேங்க்கில் நீண்ட வளைவில் திரும்பினால் பெட்ரோல் ஒரு ஓரமாக ஒதுங்கி, பம்ப் காற்றைக் குடிக்கும்.

அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு அழகான குறுக்கு வழி இருக்கிறது. 1999 முதல் 2003 வரையிலான கார்வெட்டின் பெட்ரோல் ஃபில்டருக்குள்ளேயே 58 பிஎஸ்ஐ ரெகுலேட்டரும் சேர்ந்திருக்கும். மூன்று முனை: டேங்க்கிலிருந்து உள்ளே வருவது, டேங்க்குக்குத் திரும்பிப் போவது, எஞ்சினுக்குப் போவது. அதை டேங்க்குக்குப் பக்கத்திலேயே சேசிஸில் கட்டிவிட்டால், எஞ்சின் வரை ஒரே ஒரு பைப் போதும். சாதாரண ஃபில்டர் விலையில் ரெகுலேட்டரும் கிடைத்துவிடுகிறது. எல்எஸ் எஞ்சின் மாற்றுகிற வேலைகளில் இவ்வளவு கச்சிதமான சாமான் வேறு ஒன்றை நான் பார்க்கவில்லை.

கரண்ட்

என் கூட வேலை பார்த்த நண்பன் மதுரைக்காரன். அவன் சித்தப்பா லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். எந்தக் கோளாறைச் சொன்னாலும், "எர்த்தைப் பாருடா முதல்ல" என்பான். சி-10-ல் கேபின் சேசிஸ் மேல் ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கிறது, எஞ்சினும் ரப்பரில். மூன்றும் ஒன்றோடொன்று தொடாமல் தனித்தனித் தீவாக இருக்கலாம். ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து கேபின் சுவருக்கு ஒரு பட்டை, எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு ஒன்று, பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குத் தடித்த கேபிள் ஒன்று. மூன்று இடத்திலும் பெயிண்ட்டைச் சுரண்டிப் பளபளவென்று இரும்பு தெரியும்படி செய்து மாட்டினோம். அவன் சொல் பலித்த இடங்கள் உண்டு. ஆனால் எங்களை அதிகம் அலையவிட்டது எர்த் இல்லை.

எஞ்சின் கம்ப்யூட்டருக்கு இரண்டு வகை 12 வோல்ட் வேண்டும். ஒன்று எப்போதும் இருப்பது, நேராக பேட்டரியிலிருந்து. இன்னொன்று சாவியைப் போட்டால் வருவது. இந்த இரண்டாவதை எங்கிருந்து எடுப்பது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பழைய இக்னிஷன் காயிலுக்குப் போன வயர். அது இப்போது சும்மாதான் தொங்குகிறது. மல்டிமீட்டர் வைத்தால் 12-க்கு மேல் காட்டுகிறது. மாட்டிவிடலாம் போலத்தான் இருக்கும்.

ஆனால் 1972-ல் அந்த எஞ்சினில் இருந்தது பாயிண்ட் இக்னிஷன், அதாவது தொடுமுனைகள் (பாயிண்ட்) திறந்து மூடிப் பொறி உண்டாக்கும் பழைய முறை. முழு 12 வோல்ட்டும் தொடர்ந்து போனால் பாயிண்ட் கருகிவிடும் என்பதால், காயிலுக்குப் போகும் வயரையே மின்தடை உள்ள வயராகப் போட்டிருக்கிறார்கள். பார்வைக்கு மற்ற வயர் போலவே இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டர் சோலினாய்டில் இருக்கும் தனி முனையிலிருந்து முழு வோல்ட்டேஜ் காயிலுக்குப் போகும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் திரும்பவும் இந்த வயர். சரி, மீட்டர் ஏன் 12 காட்டியது? மீட்டர் கரண்ட்டை இழுக்காது. கரண்ட் ஓடினால்தான் மின்தடையில் வோல்ட்டேஜ் விழும். பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை அந்த வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுத்துவிட்டுத் திரும்ப மீட்டரை வைத்தோம். பல்பு மங்கலாகச் சிவந்தது, முள் சடாரென்று கீழே போனது. இந்த வயரில் கம்ப்யூட்டரையும் எட்டு காயிலையும் கட்டியிருந்தால், சில நாள் ஓடும், சில நாள் ஓடாது, ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த பொறி, ரேடியோவுக்கும் ஹீட்டருக்கும் போகும் வயர். அதில் மின்தடை இல்லை, பல்பு பிரகாசமாக எரிகிறது. ஆனால் சாவியைச் செல்ஃப் பக்கம் திருப்பிய கணம் அணைந்துவிடுகிறது. ஸ்டார்ட்டர் நிறையக் கரண்ட் இழுக்கும் நேரத்தில் மற்றதை எல்லாம் வெட்டிவிடுவது அந்தக் காலத்து நல்ல யோசனை. நம் கம்ப்யூட்டருக்கோ அந்த நேரத்தில்தான் உயிர் வேண்டும். இந்த வயரில் கட்டினால் எஞ்சின் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். சாவியை விடும் நொடியில் மட்டும் ஒரு இருமல் இருமும். அந்த இருமலைக் கேட்டால் கோளாறு இதுதான்.

கடைசியில் செய்தது இது. 1972 வரை இந்த வண்டிகளில் சாவி ஸ்விட்ச் டாஷ்போர்டில் இருக்கும் (1973-ல்தான் ஸ்டீயரிங் தண்டுக்கு மாறியது). ஸ்விட்ச்சின் பின்னால் கையை விட்டு, மின்தடை வயர் தொடங்குவதற்கு முந்தைய இக்னிஷன் முனையைப் பிடித்தோம். அது சாவி போட்டாலும் இருக்கிறது, செல்ஃப் அடிக்கும்போதும் இருக்கிறது. அதிலிருந்து ஒரு ரிலேவை (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) தட்டவைத்து, ரிலே வழியாக பேட்டரியிலிருந்து நேராகப் புதிய ஃப்யூஸ் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தோம். ஐம்பது வருட ஸ்விட்ச் இப்போது ரிலேவின் காயிலை மட்டும் சுமக்கிறது.

ஆல்டர்னேட்டரிலும் ஒரு சின்ன சூட்சுமம். டாஹோவின் ஆல்டர்னேட்டரை முடுக்கிவிடும் சின்ன முனைக்கு 12 வோல்ட்டை நேராகக் கொடுக்கக்கூடாது. நடுவில் ஒரு பல்பு அல்லது மின்தடை வேண்டும். டாஷ்போர்டில் ஒரு சார்ஜ் லைட்டைப் போட்டு அதன் வழியாகக் கொடுத்தேன். பழைய வண்டியில் தனியாக இருந்த வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் பெட்டி குப்பைக்குப் போயிற்று.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் திருட்டுத் தடுப்பை மென்பொருளில் அணைத்தாக வேண்டும். டாஹோவின் சாவிப் பூட்டு இங்கே இல்லையே. அதைத் தேடிவிட்டுக் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். ஸ்டார்ட் ஆகி இரண்டே நொடியில் அணைவது அந்தத் தடுப்பின் அடையாளம். புதிய கேமுக்கான டியூனிங்கும் அதே உட்காரலில் நடந்தது.

முதல் ஸ்டார்ட்டும் அதற்குப் பிறகும்

இன்ஜெக்டர், காயில் ஃப்யூஸ்களை எடுத்துவிட்டு, ஆயில் அழுத்த முள் எழும்பும் வரை வெறும் செல்ஃப் அடித்தோம். அப்புறம் ஃப்யூஸைப் போட்டுச் சாவியைத் திருப்பியதும், பின்னால் பம்ப் இரண்டு நொடி ஓடி நின்றது. அந்தச் சின்ன முனகல் கேட்டால் பாதி வயரிங் சரி என்று அர்த்தம். ஸ்டார்ட் ஆனதில் நாடகம் ஒன்றும் இல்லை. சைலன்சர் இன்னும் போடாததால் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் வந்து எட்டிப் பார்த்தார். "இதில் முன்பு இருந்த எஞ்சின் இவ்வளவு ஒழுங்காக ஓடியிருக்காது" என்றார். அவர் இளைஞராக இருந்தபோது இதே மாடல் வண்டி வைத்திருந்தவராம்.

கூலிங்கில் கவனிக்க வேண்டியது ஹெட்டுகளின் முன்பக்க உச்சியிலிருந்து வரும் சின்ன ஆவிக் குழாய். சுண்டுவிரல்கூட நுழையாத இந்தக் குழாயை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் சிலர் அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் ஹெட்டின் மேல்மூலையில் ஆவி தேங்கும். மீட்டர் நார்மல் காட்டும்போதே அந்த மூலை வேகும். ரேடியேட்டரின் மேல்பக்கத்தில் ஒரு மரை போட்டு அங்கே இணைத்தேன்.

பழைய வண்டியின் ஸ்பீடாமீட்டரைக் கேபிள் சுற்றும். புதிய கியர்பாக்ஸில் இருப்பது சென்சார். சென்சாரின் சிக்னலை வாங்கி, சின்ன மோட்டாரால் கேபிளைச் சுற்றும் பெட்டி ஒன்று விற்கிறது. டிஜிட்டல் டாஷ்போர்டு போட எனக்கு விருப்பமில்லை. அந்தப் பழைய முள் லேசாக ஆடிக்கொண்டே ஏறுவதைப் பார்க்கத்தானே இந்த வண்டி.

ஓட்டும்போது தெரிகிற பெரிய வித்தியாசம் வேகமெடுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அது இருக்கிறது, சந்தேகமில்லை. காலி பின்பெட்டி, லேசான பின்பக்கம். ஈரச் சாலையில் முதல் கியரில் கொஞ்சம் மிதித்தால் பின்சக்கரம் சுற்றிவிட்டுத்தான் நகர்கிறது. ஆனால் ஐ-10 நெடுஞ்சாலையில் ஏறியதும் புரிவது ஓவர்டிரைவ். பின்அச்சின் கியர் விகிதம் (கிரௌன்) 3.73, 28 அங்குல டயர். முன்பு 70 மைல் வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்கு 3,100-க்கு மேல் சுற்ற வேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். இப்போது நாலாவது கியரின் 0.70 விகிதத்தில் அதே வேகத்துக்கு 2,200 சுற்று. சாதாரணக் குரலில் பேசலாம்.

பிரேக்கில் முன் டிஸ்க், பின் டிரம் அமைப்பை மாற்றவில்லை. மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், எல்லா ரப்பர் ஹோஸும் புதியவை. பலத்தை ஏற்றிவிட்டுப் பழைய பிரேக் ஹோஸோடு ஓட்டுகிற வண்டிகளைக் கண்காட்சிகளில் பார்க்கிறேன். பெயிண்ட்டுக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு அங்கே போயிருக்கலாம். என் வண்டியில் பெயிண்ட் வேலையே கிடையாது. வெயிலில் வெளுத்த பச்சையும் வெள்ளையும் அப்படியே இருக்கிறது. கேபின் மூலைகளிலும் கதவடிப் பட்டையிலும் துரு தின்ற இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ததோடு சரி. டிங்கரிங் பார்த்து மினுக்கினால் ஷாப்பிங் பார்க்கிங்கில் நிறுத்தவே பயமாக இருக்கும்.

சட்டப்பக்கம் கேட்பவர்களுக்கு: டெக்சாஸில் 24 வருடத்துக்கு மேல் பழைய வண்டிக்குப் புகைச் சோதனை இல்லை. கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்கு விலக்கு. மற்ற மாநிலத்துக்காரர்கள் எஞ்சின் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

பாக்கி இருப்பது இரண்டு. கிராங்க் சென்சாருக்கான மறுபயிற்சியை இன்னும் செய்யவில்லை. அதைச் செய்யாவிட்டால் கம்ப்யூட்டரால் மிஸ்ஃபயரை (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதை) சரியாக எண்ண முடியாது. சூடான எஞ்சினில், பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஸ்கேனர் சொல்லும்போது ஆக்ஸிலரேட்டரை ஏற்றி, பெட்ரோல் தானாக வெட்டப்பட்டதும் விட வேண்டும். பத்து நிமிட வேலை, அதற்கான ஸ்கேனர் நண்பனிடம் இருக்கிறது. இன்னொன்று அந்த ஏசி. கம்ப்ரஸரை எஞ்சினின் மேல்பக்கம் தூக்கி மாட்டும் பிராக்கெட் வந்துவிட்டது. இதில் பெல்ட்டின் பாதை மாறுவதால், பழைய பெல்ட் பொருந்தாது. ஒரு கயிற்றைப் புல்லிகளைச் சுற்றி ஓட்டி அளந்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். ஜூனுக்குள் முடிக்காவிட்டால் ஆகஸ்ட் முடியும்வரை வீட்டில் வேறு யாரும் இந்த வண்டியில் ஏறப்போவதில்லை.